நீ சாத்திய ஜன்னல்களை நான் திறந்துவிட்டது

அன்புள்ள தனத்துக்கு,

உன் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தோமே, உன் கதைப்புத்தகம், அதை வாங்கிப்போன இளவட்டங்கள் போன ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி மேல் அடுக்கிவிட்டுப் போனார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவருகிற வாடிக்கைக்காரர்கள் மாதிரி வந்தார்கள், வைத்தார்கள், ஒதுங்கி நின்றார்கள். மலாக்காவில் இந்தக் காஜா பேராங் தெருவில் நான் காப்பித்தூள் கடை போட்ட நாளிலிருந்து என் கையால் கொடுத்த ஒன்று கடைக்குத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

காரணம் உனக்குத் தெரியும். ஈப்போவுக்குப் போகிற ரயிலிலேயே நீ புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டாய் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். "அதற்குப் பிறகு தஞ்சோங் மாலிம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை மாமா" என்று மட்டும் எழுதினார், நல்ல மனிதர். அன்றிலிருந்து உன் கடிதமெல்லாம் அம்மா பேருக்குத்தான் வருகிறது. கடைசி வரியில் "அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்." எனக்குப் பாக்கி வைத்திருக்கிறவர்கள்கூட இதைவிட நீளமாக நலம் விசாரிப்பார்கள், தனம். சரி, கோபப்பட உனக்கு உரிமை உண்டு. நானும் கோபக்காரன்தான், என் சரக்குத்தானே நீ. ஆனால் உன் கூட்டாளி கிளேபாங் ராஜத்துக்கு நீ எழுதிய கடிதத்தில் இனிமேல் கதையே எழுதப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறாயாம். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் கடையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்கட்டில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் கதையை நான் எத்தனை சுலபமாக எடுத்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷம் கழித்து வரப்போகிற மலாக்கா. கடலைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், கிளேபாங்கில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியாத ஊர். அங்கே வாசனை குற்றம். ஊருக்கே ஒரு சமையல்கூடம், எல்லாருக்கும் வாசனை இல்லாத ஒரே சாப்பாடு. ஒரு வீட்டிலிருந்து வாசனை வந்தால் மோந்தவன் போய்ச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவனுக்கும் தண்டனை. ஒரு பெண் ஒரு பிடி காப்பிக்கொட்டையைக் கண்டெடுத்து வறுக்கிறாள். வாசனை தெருவெல்லாம் போகிறது, காவல்காரர்களின் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது, அவள் ஓடவில்லை. "ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அவள் வறுத்துக்கொண்டே இருந்தாள்" என்று நீ முடித்திருந்தாய்.

அச்சகத்தில் முனியாண்டி அதை வாசித்துக் காட்டியபோது எனக்குப் பகீர் என்றது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், அதோடு போகிற காகிதத்தில் இப்படி ஒரு முடிவா? விளக்கை அணை என்றுகூட வாய்திறந்து சொல்லாத வீடு நம் வீடு. முதல் படியை "லாபம்" என்று சொல்லி அளக்க ஆரம்பிக்கிறவன் நான். மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் அச்சடிக்கிறார்கள், என் மகள் எழுத்துக்காரி, அவள் கதையையே அச்சடித்துக் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தாகிவிட்டது. ஆகவே முனியாண்டியின் பென்சிலை வாங்கினேன். ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். காவல்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த ஊர்த் தலைவர் வந்து ஒரு கோப்பை குடித்துக் கண் கலங்கிச் சட்டத்தை ரத்து செய்தார். அவர் மகனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்துச் சுபம் போட்டேன். முனியாண்டி மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "எத்தனை கரண்டி சீனின்னும் எழுதிடுங்க தவுக்கே, ஒரு குறையும் இருக்காது" என்றார். முதலாளி என்று கூப்பிட்டு அவர் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அறிவு எனக்கு.

ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. நாடு நமக்கு வந்த அந்த மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். தெருவெங்கும் கொடி, திடலெங்கும் பேச்சு. இனி எல்லாம் நல்லதே என்று பேசாத வாய் இல்லை. நம் கடைப் பின்கட்டில் மட்டும் நீயும் உன் கூட்டாளிகளும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு, ஊர் அழிந்த கதை, சூரியன் அவிந்த கதை, மனிதனை எண் போட்டுக் கூப்பிடுகிற தேசத்துக் கதை என்று வாசித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கையெழுத்து இதழில் வருகிற பக்திக் கட்டுரையை யாரும் தொடமாட்டார்கள். நாசக் கதை வந்த பக்கம் மட்டும் விரல் அழுக்கேறிக் கிழிந்திருக்கும். அழுதுகொண்டு வாசித்தாலாவது சரி. சிரித்துச் சிரித்து, தோளில் தட்டி, "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று சண்டை போட்டுக்கொண்டு வாசித்தீர்கள். பிள்ளை பிறந்த வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி படிக்கிறார்களே என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டேன். "ஒப்பாரி படிக்கிறவங்க இப்படியா கச்சான் தின்னுவாங்க?" என்று அவள் கேட்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எல்லாரும் வைத்து முடித்தபிறகு ராஜம்தான் பேசினாள். உன் கையெழுத்தில் வந்த கதையைப் பாடமாகவே வைத்திருக்கிறாள் அந்தப் பெண். நான் என்ன குறை என்று கேட்டேன். கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன், காகிதம் நல்ல காகிதம், தையல் நல்ல தையல்.

"மாமா, ஊரெல்லாம் காப்பித்தூள்ல சோளத்தை வறுத்துக் கலக்கிறாங்க, நீங்க கலக்க மாட்டீங்க. அதுக்காகத்தான் கிளேபாங்ல இருந்து சைக்கிள் மிதிச்சு வந்து வாங்குறோம். அப்புறம் அக்கா கதையில மட்டும் ஏன் கலந்தீங்க?"

தனம், என் முகத்தில் யாரும் அப்படி அடித்ததில்லை. செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் மகன் நான். சீனர் ஒருவரிடம் விறகு சுமந்து, அவர் வறுக்கிற கையையே பார்த்துப் பார்த்துத் தொழில் கற்று, கொட்டை வறுக்கிற ஒற்றை உருளையோடு இந்தக் கடையை ஆரம்பித்தேன். என் சொத்து இந்தக் கட்டடம் இல்லை, கலக்காதவன் என்கிற பேர்தான். அந்தப் பேரைத் தூக்கி அந்தப் பெண் என் கல்லா மேலேயே வைத்துவிட்டாள்.

தோற்கப் பிடிக்காதவன் ஆனதால் வாதாடிப் பார்த்தேன். நல்லபடியாகத்தானே முடித்தேன், ஜன்னல் திறந்தால் என்ன கெட்டுவிட்டது என்றேன். அப்போதுதான் எதிர்வீட்டு அருணாசலம் வாயைத் திறந்தான். உனக்குத் தெரியுமே, நம் எதிர்வீட்டு மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பையன், வீட்டில் பேசுவதே மலாய், தமிழ் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. உன் கதையை ராஜம் மலாயில் வாய்வழியாகச் சொல்லித்தான் அவன் கேட்டிருக்கிறான். வாசிக்கத் தெரியாத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அவன் வரிசையில் நின்றிருக்கிறான் பார். அவன் மலாயில் சொன்னதை உனக்குத் தமிழில் தருகிறேன்: "ஜன்னல் சாத்தியிருந்த வரைக்கும் நான் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளே இருந்தேன் தவுக்கே. எழுந்து போய்த் திறக்கலாமா, வேண்டாமா என்று தினமும் யோசித்தேன். நீங்களே எல்லாவற்றையும் திறந்துவிட்டீர்கள். இனி அங்கே எனக்கு என்ன வேலை?"

எல்லாரும் போனபிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் தொழிலை வைத்துத்தான் எனக்கு எதுவும் விளங்கும். கொட்டை வாங்கப் போகிறபோது நான் முதலில் என்ன செய்வேன்? மூட்டை மழையில் நனைந்தால்? விலை பாதியாக விழுந்தால்? உருளை வெடித்தால்? ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். நஷ்டத்தை நடந்ததாகவே வைத்துக்கொண்டு அதற்குள் நின்று பார்ப்பேன். அப்போதும் நான் எழுந்து நடப்பேன் என்று தெரிந்தால்தான் முன்பணம் கொடுப்பேன். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எதையோ பறிகொடுத்தவன் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே குஷியாக இருப்பேன் என்று உன் அம்மா சொல்வாள். உங்கள் கூட்டமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வயது இருபது, கையில் புது நாடு, வாங்கப்போவது முழு வாழ்க்கை. வாங்குமுன் மூட்டையைக் குத்திப் பார்க்கிறீர்கள். பெரியவர்கள் நாங்களோ, "எல்லாம் நல்ல சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு எடு" என்கிறோம். அப்படிச் சொல்கிற வியாபாரியிடம் நானே வாங்கமாட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு மன்னிப்போடு கடிதத்தை முடித்திருப்பேன். மறுநாள் அருணாசலத்தின் அம்மா கடைக்கு வந்தார். எப்போதும் தராசில் கால் கட்டி நிறுத்துத் தூள் வாங்குகிறவர், அன்றைக்கு எதுவும் வாங்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மகன் வீட்டில் கதையைச் சொல்லியிருக்கிறான். கேட்டதும் அவருக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்துவிட்டதாம்.

உனக்கு அந்த நாள் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. ஜப்பான்காரன் காலம், உனக்கு ஏழு வயது இருக்கும். குளிர்க்காய்ச்சலில் கிடந்து எழுந்தாய், ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்றாய். "அப்பா மேல காப்பி வாசனையே வரல, இது எங்கப்பா இல்ல" என்று என் மடிக்குக்கூட வரமாட்டாய். கடை மூடிக் கிடந்தது. விறகுக்கு அடியில் அரை மூட்டைக் கொட்டையை ஒளித்து வைத்திருந்தேன், அது தெரிந்தால் தலை போகும் காலம். நான் மரவள்ளிக்கிழங்கு தேடிக் குருபோங் பக்கம் போயிருந்தபோது, உன் அம்மா மனசு கேட்காமல் ஒரு பிடி எடுத்து உனக்காக வறுத்துவிட்டாள். நான் திரும்பி வருகிறேன், தெருமுனையிலேயே வாசனை. என் கொட்டையின் வாசனை எனக்குத் தெரியாதா? பட்டப்பகல், ஆனால் தெருவில் அத்தனை வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. ஓடி வந்தேன். நீ அடுப்படியில் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் வரவில்லை. ஆனால் அந்தச் சாத்திய ஜன்னல்கள் என் நெஞ்சில் தங்கிவிட்டன. நமக்கு ஒன்று என்றால் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அந்தத் தெருவோடு இத்தனை வருஷம் சிரித்துப் பேசி வியாபாரம் செய்தேன், நம்பியது மட்டும் இல்லை. என் முடிவில் ஜன்னல்களை ஏன் அத்தனை ஆசையாகத் திறந்தேன் என்று இப்போது புரிகிறதா? கதைக்காக இல்லை, எனக்காகத் திறந்தேன்.

அந்த அம்மா மலாயில் நிதானமாகச் சொன்னார். வாசனை முதலில் வந்தது அவர் வீட்டுக்குத்தானாம். தன் ஜன்னலைச் சாத்திவிட்டு, சின்னப் பையனாக இருந்த அருணாசலத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீடுகளுக்கு ஓடவிட்டாராம், எல்லாரையும் சாத்தச் சொல்லி.

"திறந்து வைத்திருந்தால், யாராவது வந்து கேட்கும்போது பொய் சொல்ல வேண்டும் தவுக்கே. பொய் சொன்னால் சிலருக்கு நாக்குக் குழறும். சாத்தி வைத்தால் குழறத் தேவையில்லை, எங்களுக்கு வாசனையே வரவில்லை."

அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஆனால் அன்றைக்கு வறுத்ததில் என் பங்குக் கோப்பை இன்னும் வரவில்லை" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்து மறுபடி உட்காரவைத்து, புதிதாக வறுத்த தூளில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை.

அந்த அம்மா போனபிறகு உன் தாய் இன்னொன்று சொன்னாள். அன்றைக்கு நான் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவைக் காட்டி, "பாரு, ஒரு ஜன்னலும் திறக்கல" என்றேனாம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எனக்குச் சுத்தமாக இல்லை. உன் கதையின் கடைசி வரியை நீ நூறு வருஷம் தள்ளிப் போய் எடுத்துவரவில்லை. அது என் வாயிலிருந்து உன் காதில் விழுந்தது. உன் கூட்டாளிகளும் அந்தக் காலத்துக் குழந்தைகள்தானே. ஒவ்வொருவரும் எதையோ பார்த்திருக்கிறார்கள், எதையோ மோந்திருக்கிறார்கள். கேட்டபோதெல்லாம் "நல்ல நாளில் அதெல்லாம் எதுக்கு?" என்று வாயை அடைத்தோம். நடந்ததைக் கேட்கக்கூடாது என்றால் நடக்கப்போவதாக எழுதி வைத்துத்தான் கேட்பார்கள். அதில் என்ன தப்பு?

தனம், அவசரப்பட்டு ஒன்றை நினைத்துவிடாதே. ஜன்னல்கள் சாத்தியிருந்ததற்கு இதுதான் காரணம் என்று கதையில் சேர் என நான் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு கரண்டி சோளம் போடமாட்டேன். ஏன் சாத்தியிருந்தது என்று நீ எழுதாமல் விட்டதால்தான் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பயத்தினால்தான் என்கிறாள் ராஜம். காரணத்தைத் தாயிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், கதையில் தான் இருந்த வீட்டில் ஒருவன் மட்டும் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்திருந்தான் என்று அடித்துச் சொல்கிறான் அருணாசலம். இரண்டையும் தாங்குகிற கதை அது. நீ மட்டும் இதைத் தெரிந்துகொள், அவ்வளவுதான். உன் தெருவில் உன்னைக் காட்டிக்கொடுக்காதவர்கள் நீ நினைத்ததைவிட அதிகம். ஈப்போவிலும் இருப்பார்கள். புது ஊரில் முகம் கொடுக்காத அக்கம்பக்கத்தாரைப் பார்த்ததும் என்னைப் போல முடிவு கட்டிவிடாதே, ஒரு கோப்பை கொடுத்துப் பார். மாமியாருக்கும் இதுவே மருந்து. தூளைத் தகர டப்பாவில் வை, அடுப்புப் பக்கம் வைக்காதே, கரண்டியில் ஈரம் இருக்கக்கூடாது. உன் கதைக்காகிற காகிதத்துக்கும் மைக்கும் மாப்பிள்ளையிடம் கேட்டு நிற்காதே, உனக்கென்று தனியாகக் கொஞ்சம் வைத்துக்கொள். அவர் நல்லவர்தான், நல்லவரிடமும் கேட்டு வாங்கி எழுதினால் எழுத்தில் ஒரு குனிவு வந்துவிடும். நான் ஒரு கல்யாணத்துக்குப் பணம் போட்டவன், அந்த உரிமையில் பென்சிலை எடுத்தவன். அனுபவத்தில் சொல்கிறேன்.

எழுதமாட்டேன் என்பதை விட்டுவிடு. உன் கோபம் என்னோடு, அதை என்னிடம் தீர்த்துக்கொள். ராஜம் கூட்டத்துக்கு ஏன் பட்டினி போடுகிறாய்? பின்கட்டில் சாக்கு மூட்டைகள் வரிசையாகத்தான் கிடக்கின்றன, கச்சானும் இருக்கிறது.

நேற்று முனியாண்டியிடம் பேசி முடித்துவிட்டேன். பேரம் என்று வந்தால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை, நானும் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களின் தையலைப் பிரித்து, கடைசித் தாளை எடுத்துவிட்டு, உன் கையெழுத்துப்படி ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் அச்சடித்துத் திரும்பத் தைப்பது அவர் பொறுப்பு. காகிதமும் கூலியும் என்னுடையது. திருப்பித் தந்தவர்களுக்குப் புதியது சும்மா. எதிர்வீட்டுக்கு ஒன்று, வாசிக்கத் தெரியாவிட்டாலும். மேற்கொண்டு அச்சடித்துக் கடையில் வைப்பதற்கு விலை முப்பது காசு, அதில் முனியாண்டிக்குப் பத்து, உனக்கு இருபது, எனக்கு ஒன்றும் இல்லை. உன் அடுத்த கதைக்கும் இதே கணக்கு. அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், வாசிக்கிற நேரத்தில் பென்சில் முனியாண்டியின் காதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா